மலைக் கடையின் கல்லாவும் கைரேகை இயந்திரமும்

பணம் எங்கே கைக்கு வருகிறதோ, அங்கேதான் பண்டமும் வாங்கப்படும். இது வணிகர் அனைவரும் அறிந்ததே. ஜவ்வாது மலையில் மளிகைக் கடை நடத்தும் நம்மவர்களுக்கு இதுவே பெரும் பிரச்சினை.

முதியோர் உதவித்தொகை, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை போன்றவை வங்கிக் கணக்கில் சேர்வன. குக்கிராமத்தில் இருப்பவர் அதை எடுக்க ஜமுனாமரத்தூருக்கோ, மலையிறங்கிப் போளூர், ஆலங்காயத்துக்கோ பஸ் ஏற வேண்டும். போனவர் எண்ணெயும் பருப்பும் அங்கேயே வாங்கி வந்துவிடுவார். ஊர்க்கடைக்கு மிஞ்சுவது கடன் நோட்டுதான்.

இதற்கு வழியுண்டு. வங்கிகள் முகவர்களை அமர்த்திக்கொள்ள ரிசர்வ் வங்கி 2006-இல் அனுமதித்தது. மளிகைக் கடைக்காரரும் முகவராகலாம் என்று 2009-இல் வழிவிட்டது.

நடைமுறை எளிது. வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். கடையிலுள்ள இயந்திரத்தில் அவர் கைரேகை வைத்ததும், கேட்ட தொகை அவர் கணக்கில் பற்றாகி, முகவர் கணக்கில் வரவாகும். கடைக்காரர் கல்லாவிலிருந்து ரொக்கம் கொடுப்பார்.

இதில் கிடைக்கும் கமிஷன் சொற்பமே. ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. பணம் எடுக்க வந்தவர் சாமான் வாங்காமல் போவது அரிது. மேலும், கல்லாப் பணம் கணக்கில் வரவாகிவிடுவதால், ரொக்கத்தைச் சுமந்து மலையிறங்காமல் மொத்த வியாபாரிக்குச் சரக்குப் பணத்தை அனுப்பலாம். கணக்கில் தெரியும் வரவு செலவு, நாளை வங்கிக் கடன் கேட்கும்போதும் கைகொடுக்கும்.

சில எச்சரிக்கைகள் அவசியம்:

1. சிக்னல் பாதியில் அறுந்தால், பற்று விழுந்ததா என்று பார்க்காமல் மறுமுறை ரேகை வாங்கக் கூடாது.

2. உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் போகலாம். வேறு விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

3. வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் வாங்க முகவருக்கு அனுமதியில்லை. ரசீது தருவது கடமை.

4. பழைய பாக்கியை அவர் சம்மதமின்றிப் பிடித்துக்கொள்வது கூடவே கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் நம் இயந்திரத்தில் விரல் வைப்பது, நம்மை நம்பித்தான். அந்த நம்பிக்கை ஒருமுறை கெட்டால், அவர் மீண்டும் பஸ் ஏறிவிடுவார். அவரோடு நம் வியாபாரமும் மலையிறங்கிவிடும். நாணயம் காப்போம், கடையைக் காப்போம்!