மூடியைத் திறங்க, உள்ளே என்ன கூத்து பாருங்க!

பசை பாட்டில் என்றால் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பொருள் என்றுதானே நினைக்கிறோம்? அலமாரிக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே நடப்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்லவே மாட்டீர்கள்! ஒரு பாட்டில் காற்றிலிருக்கும் ஈரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து பாட்டில் தன்னிடமுள்ள தண்ணீரைச் சொட்டு விடாமல் காப்பாற்றப் பார்க்கும். இன்னொன்றுக்கு ஜன்னல் வெளிச்சம் எட்டினாலே போதும், கதை முடிந்தது.

என் கைவேலை அலமாரியின் நடுத்தட்டு முழுக்கப் பசைதான். பட்டு நூல் வளையலுக்கு ஒன்று, கொலுப் பூங்காவில் வைக்கும் அட்டை வீட்டுக்கு ஒன்று, பிளாஸ்டிக் விமான மாதிரிக்கு ஒன்று. வாங்க, ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டுகிறேன். அதற்கு முன்னால் அந்தத் தட்டின் பெரிய ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன், அடக்கிவைக்க முடியவில்லை: ஒரு பசை எந்த வழியில் ஒட்டுகிறதோ, பெரும்பாலும் அதே வழியில்தான் கெட்டும் போகிறது! ஈரத்தால் இறுகும் பசையை ஈரமே கெடுக்கும். உலர்ந்து ஒட்டும் பசை மூடி சரியில்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே உலரும். இது பிடிபட்டுவிட்டால், எதை எங்கே வைப்பது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் நட்சத்திரத்தைப் பார்ப்போம். ஃபெவிக்விக் வகையறா, அதாவது சயனோஅக்ரிலேட். 1942-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். இந்தத் திரவம் தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டதால், உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-இல் அதே ஆய்வு வட்டத்தில் ஃபிரெட் ஜாய்னர், ஒளிவிலகல்மானியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே அதைத் தடவிப் பார்க்க, பட்டகங்கள் பிரிய மறுத்துவிட்டன! விலையுயர்ந்த கருவி. ஆனால் அன்றுதான் கூவருக்கு அதன் அருமை உறைத்தது. 1958-இல் கடைக்கு வந்தது.

இந்தத் திரவத்தை இறுகவைப்பது காற்றுபட்டு உலர்வது அல்ல. நாம் ஒட்டும் பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரம்தான். அந்தத் துளி ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் சரசரவென்று கைகோத்து நீளமான சங்கிலிகளாகிவிடுகின்றன. இதைத் தயாரிக்கும் விதம் இன்னும் அற்புதம்! தொழிற்சாலையில் வேதிப்பொருள்களைக் கலக்கும்போதே அது ஒருமுறை சங்கிலியாகி இறுகிவிடுகிறது. பிறகு சூடேற்றி அந்தச் சங்கிலியை உடைத்து, மறுபடி திரவமாக வடித்தெடுக்கிறார்கள். திரும்பவும் கைகோத்துவிடாமல் இருக்கத் துளியூண்டு அமிலத்தன்மையுள்ள பொருளைச் சேர்த்து அடைக்கிறார்கள். நம் மேசைக்கு வரும் ட்யூபுக்குள் இருப்பது, எப்போது சேரலாம் என்று காத்திருக்கும் ஒரு கூட்டம். யோசித்தாலே சிலிர்க்கிறது!

அதனால்தான் சென்னையின் கடற்கரைக் காற்று இதற்குப் பரம எதிரி. திறக்காத பாட்டில் அறை வெப்பத்தில் சுமார் ஓராண்டு தாங்கும். ஃப்ரிட்ஜில் இன்னும் கூடுதலாக. முனையை வெட்டிய அன்றிலிருந்து கணக்கு வேறு. உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சுக் காற்றும் கொஞ்சம் ஈரத்தைக் கொண்டுபோகிறது. முதலில் பசை கெட்டியாகும், பிறகு இழுபடும், பிறகு அசையாது.

இதோ என் ஏற்பாடு. இறுக்கமான மூடியுள்ள பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் செருப்பு டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், நடுவில் பசை நிமிர்ந்த வாக்கில். படுக்கவைத்தால் முனையில் பசை தேங்கி அடைத்துக்கொள்ளும். ஒட்டி முடித்ததும் பாட்டிலை நிமிர்த்தி மேசையில் இரண்டு தட்டு தட்டினால் முனையில் நிற்கும் பசை கீழே இறங்கிவிடும். பிறகு முனையைத் துடைக்க வேண்டும். பஞ்சாலோ பருத்தித் துணியாலோ மட்டும் வேண்டாம்! பருத்தியில் இந்தப் பசை நிறைய ஊறினால் சட்டென்று சூடேறிப் புகையவே ஆரம்பித்துவிடும். பாலிதீன் துண்டால் வழித்துவிடுங்கள். பாலிதீனில் இது சரியாக ஒட்டாது. பாட்டிலையே அதில் செய்வதன் காரணமும் அதுதான்.

ஃப்ரிட்ஜில் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்த கையோடு திறந்தால், காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும், உள்ளேயும் போகும். பாதுகாக்க எடுத்த முயற்சியே கெடுத்துவிடும். டப்பாவோடு வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கண் மருந்து இருக்கும் தட்டில் இதை வைக்கவே வைக்காதீர்கள். இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். மாற்றிக் கண்ணில் விட்டுக்கொண்ட விபத்துகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

அடுத்த மூடி வெள்ளைப் பசை. 1959-இல் பிறந்த ஃபெவிகால்தான் நம் ஊரில் இதற்கே பெயராகிவிட்டது. இது ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? தண்ணீரில் கோடிக்கணக்கான பாலிமர் துகள்கள் மிதக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் அந்தப் பால் நிறம். தண்ணீர் வெளியேறியதும் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடுகின்றன, வெள்ளை மறைந்து கண்ணாடி நிறம் வந்துவிடுகிறது. அந்த நொடியைப் பார்க்கவே அட்டை வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தடவலாம்!

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். சயனோஅக்ரிலேட்டைக் காப்பாற்றும் அதே குளிர், அளவு மீறினால் ஃபெவிகாலைக் கொன்றுவிடும். ஃப்ரீசரில் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது துகள்களை ஒரு மூலைக்குத் தள்ளி நெரிக்கிறது. வெளியே எடுத்து வைத்தால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், பிறகு சேராது. ஆகவே இதற்கு நிழலான அலமாரித் தட்டே போதும். கொஞ்சம் கெட்டியாகிவிட்டால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கலாம். புளித்த வாடை அடித்தாலோ ரப்பர் நூலாக இழுபட்டாலோ தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

அரால்டைட் ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது. 1946-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய பெயர் அது. ரெசின் ஒரு ட்யூப், ஹார்ட்னர் ஒரு ட்யூப். இரண்டும் சந்திக்கும்வரை ஒன்றுமே நடக்காது என்பதால்தான் இந்த ஜோடி ஆண்டுக் கணக்கில் தாங்குகிறது. இவற்றின் ஆயுளைப் பறிப்பது நம் அவசரம்: மூடியை மாற்றிப் போட்டுவிட்டால் கழுத்திலேயே சந்திப்பு நடந்து கல்லாகிவிடும். ரெசின் மங்கலாக, மணல் மணலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது கெடவில்லை, படிகமாகியிருக்கிறது. நன்றாக மூடிய ட்யூபை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி தெளிந்துவிடும், மந்திரம்தான்! ஹார்ட்னர் மஞ்சளாவதும் பெரிய விஷயமல்ல, நிறம் தெரியாத இடத்தில் பயன்படுத்தலாம். அதன் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடித்திருக்கிறது என்று பொருள். பொருக்கைத் துடைத்து, மூடியை இறுக்குங்கள்.

பிளாஸ்டிக் மாதிரி செய்பவர்களின் மேசையில் தூரிகை மூடியோடு நிற்கும் டாமியா பசை பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டுகளை ஒன்றாக்குகிறது. அதற்குக் கெட்டுப்போகத் தெரியாது, ஆவியாகத்தான் தெரியும். மூடி மட்டும் இறுக்கமாக இருந்தால் கடைசிச் சொட்டுவரை வேலை செய்யும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, சட்டென்று பற்றிக்கொள்வது. ஆகவே அடுப்படிக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ரப்பர் பசைக்கும் இதே சட்டம்.

புற ஊதா ரெசின் கறுப்பு பாட்டிலில் வருவதன் காரணத்தை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். உலர்ந்த பூவை வைத்துத் தோடு செய்யும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டு ரெசின் கிண்ணத்திலேயே இறுகிவிடும்.

தட்டின் கடைசி மூலையில் பழைய கை: தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரம். விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுத்தது. காய்ந்த சில்லாக ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். ஊறவைத்துக் காய்ச்சினாலோ சில நாளில் நாறிவிடும். மைதாப் பசையும் அதே ரகம்தான். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமல் அதில் மயில்துத்தம் சேர்த்தார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். இந்த இரண்டையும் சேமிக்கும் வழி மிக எளிது: மாவையும் சில்லையும் சேமியுங்கள், பசையை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

பாட்டிலைத் திறந்த தேதியை ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். கெடு தாண்டிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் இரண்டு ஐஸ் குச்சியை ஒட்டி, மறுநாள் பிய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பசையில் மரம் கிழிந்தால் பசை ஜோர், பசை பிரிந்தால் கொலுவை அதை நம்பிக் கட்டாதீர்கள். பாரிமுனைச் சந்துகளில் கைவினைப் பொருள் வாங்கப் போகும்போது ட்யூபின் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து எடுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே நெகிழ வேண்டும். பெரிய பாட்டில் மலிவுதான். ஆனால் சயனோஅக்ரிலேட்டுக்கு மட்டும் குட்டி ட்யூப்களாகவே வாங்கி, ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறங்கள்.