ஒரு பெருக்கல் குறியின் கணக்கு

கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைக்கும் கிராஸ் ஸ்டிச்சில் ஒரு மயிலைச் சுவரில் மாட்டும் படமாகப் போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீள அகலம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், சுமார் 25 செ.மீ. துணி, ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளது. பின்னணியோடு முழுக்க நிரப்பினால் 140-ஐ 140-ஆல் பெருக்க வேண்டும்: 19,600 தையல். மணிக்கு 100 தையல் போடுவதாகக் கொண்டால் 196 மணி நேரம். மற்ற வேலையெல்லாம் முடித்து தினம் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் 392 நாள்.

பீரோவின் அடித்தட்டில் பாதி மயிலோடு கிடக்கும் பையைப் பார்த்து, “ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது” என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். ஒரு வருஷத்துக்கு மேல் மடியில் இருக்க வேண்டிய வேலை இது. பெரும்பாலும் அது நிற்பது சலிப்பினால் அல்ல. நூல் சிக்கும், கழுத்து வலிக்கும், சாயங்கால வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், விட்ட இடம் மறந்துபோகும். நான்குக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் வழியும் உண்டு.

கட்டம்தான் அடிப்படை

துணியில் படம் வரைந்து அதன்மேல் தைப்பது ஒரு வகை எம்பிராய்டரி. துணியின் இழைகளை எண்ணித் தைப்பது இன்னொரு வகை. கிராஸ் ஸ்டிச் இரண்டாவது வகை. புள்ளிக் கோலத்தில் புள்ளி தப்பினால் எல்லாம் தப்புவதுபோல இங்கே கட்டம் தப்பக் கூடாது. கட்டத்தாளில் வண்ணம் தீட்டிய மாதிரிகளை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரப் பதிப்பாளர்கள் அச்சிட்டு விற்றார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெண்கள் அவற்றை வாங்கிக் கம்பளி நூலில் தைத்துக் குவித்தார்கள். படம் வரையத் தெரியாதவரும் எண்ணத் தெரிந்தால் படம் போடலாம் என்பதே அதன் கவர்ச்சி.

தாளே இல்லாமல் எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். நீலகிரியின் தோடர் பெண்கள், பூத்துக்குளி எனும் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் வேலைப்பாட்டுக்கு மாதிரித் தாளும் கிடையாது, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையமும் கிடையாது. வெள்ளைப் பருத்தித் துணியின் பாவையும் ஊடையையும் கண்ணால் எண்ணி, இழைகளுக்கு நடுவே ஊசியை ஓட்டுகிறார்கள். அது கிராஸ் ஸ்டிச் அல்ல; ஆனால் எண்ணித் தைக்கும் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தக் கண் வாய்க்காத நமக்கு உதவுவது, கட்டம் தெளிவாகத் தெரியும்படி நெய்த துணி. ‘ஆய்டா’ என்ற பெயரில் வருவதில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்பது உறையிலேயே இருக்கும். நம் ஊர்க் கடைகளில் மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் மேட்டி துணியில் அந்த எண் இருக்காது. ஸ்கேலை வைத்து நீளவாட்டில் ஒரு முறை, அகலவாட்டில் ஒரு முறை எண்ணிவிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் நீங்கள் போடும் வட்டம் முட்டையாகிவிடும். அது ஆயிரம் தையலுக்குப் பிறகு தெரிவதைவிடக் கடையிலேயே தெரிவது நல்லது.

நூலுக்குள் என்ன இருக்கிறது

எம்பிராய்டரி நூலின் மினுமினுப்பைப் பார்த்துப் பட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அது பருத்திதான். பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டையாக, முறுக்கிய நாடாவைப் போலிருக்கும். அதில் படும் ஒளி பல திசைகளில் சிதறும். இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர், காஸ்டிக் சோடாக் கரைசலில் பருத்தியை ஊறவைத்தால் இழை உப்பி உருண்டையாகிறது, வலுவும் கூடுகிறது, சாயமும் நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டறிந்து 1850-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் நூல் சுருங்கியது. 1890 வாக்கில் ஹொரேஸ் லோ, நூலை இழுத்துப் பிடித்தபடியே ஊறவைத்தார். சுருக்கமும் நின்றது, பளபளப்பும் வந்தது. இன்றும் நூல் கட்டின் உறையில் ‘மெர்சரைஸ்டு’ என்று இருப்பது இந்த வேலைதான்.

இதில் தைப்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. உருண்டு வழவழப்பான இழை, தான் கிடக்கும் திசையைப் பொறுத்து ஒளியைத் திருப்பும். அதனால் எல்லாப் பெருக்கல் குறியிலும் மேலே வரும் கோடு ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் அந்த இடம் மட்டும் நிறம் மங்கியதுபோலத் தெரியும். ஒரு வரிசை முழுக்க ஒரு சாய்வில் பாதித் தையல் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மறு சாய்வைப் போட்டு மூடினால் இந்தத் தவறு நேராது.

ஆங்கர், டி.எம்.சி. போன்ற நூல்கள் பொதுவாக 8 மீட்டர் கட்டாக வரும். ஒவ்வொன்றிலும் ஆறு இழைகள். 14 கட்டத் துணிக்கு இரண்டு இழை போதும். ஆறிலிருந்து இரண்டைச் சேர்த்து உருவினால் சிக்கும். ஒன்றை மட்டும் நுனியில் பிடித்து நேராக மேலே உருவுங்கள். மற்றவை கீழே சுருங்கிக் குவியும், பிறகு தானாக நீளும். இரண்டாவதையும் அப்படியே எடுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாத இழைகள் துணியில் தட்டையாகப் படிந்து கட்டத்தை நன்றாக மூடும்.

எவ்வளவு நீளம் வெட்டுவது? ஊசியில் நூல் கோர்க்க அலுப்புப்பட்டு இரண்டு முழம் வெட்டுவதுதான் பலருடைய வழக்கம். ஒரு முழம், அதாவது சுமார் 45 செ.மீ. போதும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 14 கட்டத் துணியில் ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மி.மீ. முன்புறம் இரண்டு சாய்வு, பின்புறம் இரண்டு நேர்கோடு என்று ஒரு பெருக்கல் குறிக்கு ஏறக்குறைய 9 மி.மீ. நூல் செலவாகும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் ஒரு முழ நூலில் நாற்பது தையல் வரும். ஒரு தையலுக்கு நான்கு முறை நூல் துணியைத் துளைத்துப் போகிறது. ஆக, கடைசித் தையலாகும் நூல்பகுதி தன் இடத்தில் படிவதற்கு முன் 160 முறை துணியில் உரசியிருக்கும். நூலை இரட்டிப்பாக வெட்டினால் உரசலும் இரட்டிக்கும். மெர்சரும் லோவும் கொடுத்த பளபளப்பு பஞ்சாகப் பிசிறும். தோளுக்கும் இதில் லாபம். குட்டை நூலை முழங்கையை மடக்கி நீட்டியே இழுத்துவிடலாம்; நீள நூலுக்கு ஒவ்வொரு தடவையும் தோளிலிருந்து கையை வீச வேண்டும்.

தைக்கத் தைக்க ஊசி விரலுக்குள் சிறிது சிறிதாக உருளும். நூலில் முறுக்கு ஏறும். பிறகு திடீரென்று முடிச்சு விழும். பத்துப் பதினைந்து தையலுக்கு ஒரு முறை துணியைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுழன்று முறுக்கைக் கழற்றிக்கொள்ளும்.

ஊசியும் வளையமும்

எண்ணித் தைக்கும் வேலைக்கு முனை மழுங்கிய, காது நீண்ட ஊசிதான் சரி. துணியில் துளை ஏற்கெனவே இருக்கிறது. ஊசி அதைத் தேடி நுழைந்தால் போதும். கூர் ஊசி பக்கத்து இழையையும், முன்பே போட்ட தையலையும் கிழித்துக்கொண்டு போகும். 14 கட்டத் துணிக்கு இந்த வகையில் 24 அல்லது 26 எண் ஊசி பொருந்தும். எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதைக் கடையில் மறக்காதீர்கள்.

வளையத்தின் வேலை துணியை ஒரே விறைப்பில் வைத்திருப்பது. விறைப்பு இருந்தால்தான் ஒவ்வொரு தையலிலும் நூலின் இழுவை சமமாக இருக்கும். உள்வளையத்தில் மெல்லிய பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி நழுவாது. திருகை அடிக்கடி முறுக்க வேண்டியிருக்காது. பெரிய வளையம் வேகம் தரும் என்று தோன்றும். ஆனால் விளிம்பைப் பிடித்திருக்கும் கையின் விரல் நுனி நடுவரைக்கும் எட்டாவிட்டால், அந்தக் கையை ஓயாமல் நகர்த்த வேண்டியிருக்கும். பெரும்பாலான கைகளுக்கு 15 செ.மீ. வளையம் வசதி.

வளையத்தைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிப்பதுதான் விரல் வலிக்கு முதல் காரணம். அதை மேசை விளிம்பில் சாய்த்தோ, மடித் தலையணையில் நிறுத்தியோ பாரத்தைக் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆரி வேலை செய்பவர்கள் சட்டத்தைத் தாங்கியில் கட்டிவிட்டு, ஒரு கையை மேலேயும் ஒரு கையை அடியிலேயும் வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க உட்காருகிறவர்களின் ஏற்பாடு அது. கிராஸ் ஸ்டிச்சுக்கும் அதே முறை பொருந்தும். அடியிலிருக்கும் கை துளையைக் கண்டுபிடிக்கச் சில நாள் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

கண், கழுத்து, விளக்கு

பக்கத்திலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண்ணின் உட்தசை சுருங்கி வில்லையைப் பருமனாக்குகிறது. தைக்கும் நேரம் முழுவதும் அந்தத் தசை சுருங்கியே இருக்கும். கண் சிமிட்டுவதும் குறையும். எரிச்சலும் தலைவலியும் வருவது அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பாலுள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். நாற்பது வயதுக்கு மேல் வில்லையின் நெகிழ்வு குறையும். அப்போது கண்ணாடிக் கடைக்குப் போனால், நீங்கள் துணியை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்று அளந்து சொல்லுங்கள். செய்தித்தாள் படிக்கும் தூரமும் தைக்கும் தூரமும் ஒன்றல்ல.

வளர்ந்தவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதைத் தாங்குகிறது. குனிந்தால் பின்கழுத்துத் தசைகள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். தலை துணியிடம் போகக் கூடாது, துணிதான் கண்ணிடம் வர வேண்டும். மடியில் கனமான தலையணை, முழங்கைக்கு ஒரு தாங்கல், முதுகுக்குச் சுவரோ நாற்காலியின் சாய்வோ இருந்தால் போதும். தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் சுவரோரம் சாய்ந்து, ஒரு முழங்காலை மடக்கி நிறுத்தி அதன்மேல் வளையத்தை வைத்துக்கொள்ளலாம். ஊஞ்சல் மட்டும் வேண்டாம். ஆடும் துணியைத் துரத்திக் கண் களைத்துப்போகும்.

வலது கையால் தைப்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் துளையின்மேல் விழும். கூரை விளக்கின் வாட்டைக் கூட்டுவதைவிட ஒரு மேசை விளக்கைக் கிட்டே நகர்த்துவது பயன் தரும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மஞ்சள் விளக்கில் நீல ஒளி குறைவு. கருநீலமும் கறுப்பும் குழம்புவது அதனால். இரவில் தைக்க வேண்டிய நிறங்களைப் பகலிலேயே பிரித்து எண் எழுதி வைத்துவிடுங்கள். கறுப்புத் துணியில் தைக்கும்போது மடியில் வெள்ளைத் துண்டை விரித்தால் துளைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும்.

எடுத்த உடனே தொடங்க

அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் விட்ட இடத்தைத் தேடுவதில் போனால், 392 நாள் 588 நாளாகும். தொடங்குவதற்கு முன்பே துணியில் பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு மெல்லிய நூலை ஓட்டத் தையலாகப் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் உருவிவிடலாம். எண்ணிக்கை ஒருபோதும் பத்தைத் தாண்டாது. முடித்த கட்டங்களை மாதிரித் தாளில் பென்சிலால் அடித்துவிடுங்கள். எழுந்திருக்கும்போது வரிசையின் நடுவில் நிறுத்தாமல் ஓரத்தில் நிறுத்துங்கள்.

நூல் கட்டின் காகித உறையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே கறுப்புக்கு ஆங்கரில் எண் 403, டி.எம்.சி.யில் 310. நூல் தீர்ந்துபோன நாளில் அந்த எண்தான் கைகொடுக்கும்.

வளையத்தை அன்றன்றைக்குக் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால் மடிப்புத் தடமும் அழுக்கு வட்டமும் விழும். ஊசியைப் படத்தின் நடுவில் குத்தி வைக்காதீர்கள். கடற்கரை ஊர்க் காற்றில் அது சீக்கிரம் துருவேறும்; துருக்கறை சோப்புக்குப் போகாது. துணியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உட்காராதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கண் ஒத்துழைக்கவில்லையென்றால் பழைய துணியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே மாதிரியை 11 கட்டத் துணியில், மூன்று இழையில் போடுங்கள். தையல் அதே 19,600-தான்; துளை பெரிதாகும். மயில் 25 செ.மீ.க்குப் பதில் 32 செ.மீ. ஆகும். சுவரில் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கிவிட்டால் சரி.