தொண்ணூறோடு நிறுத்துங்கள்!

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் தாமல் என்ற ஊர் வரும். பெரிய ஏரி உள்ள ஊர். அங்கே நின்றுகொண்டு சாலையின் இரு பக்கமும் பாருங்கள். கிழக்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை இருக்கும் இடம். மேற்கே போனால் வேலூர். அதற்கும் அப்பால் மின்சார ஸ்கூட்டர்கள் செய்யும் கிருஷ்ணகிரிச் சீமை. மின்சார வண்டிகளைப் பற்றிப் பேச வேண்டிய நல்லதும் கெட்டதும் இந்த ஒரே சாலையில் வரிசையாக நிற்கின்றன!

"வண்டி வாங்குவது அவர் பாடு, பாட்டரி மெக்கானிக் பாடு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. பெட்ரோல் வண்டிக்குத் தீனி போடுவது பங்க்கில். மின்சார வண்டி சாப்பிடுவது உங்கள் வீட்டில். அதுவும் பெரும்பாலும் வீடே தூங்கும் நேரத்தில். ஆகவே இது அடுப்பையும் விளக்கையும் போல வீட்டு விஷயம்தான்.

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு, வேலூரில் ஒரு வீட்டில் புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுத்தார்கள். வண்டி தீப்பிடித்தது. புகை வீட்டை நிறைத்தது. தந்தையும் பதின்மூன்று வயது மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதற்கு அடுத்த மாதமே மூன்று கம்பெனிகள் தாங்கள் விற்ற வண்டிகளைச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தன. ஒகினாவா 3,215, பியூர் ஈவி 2,000, ஓலா 1,441.

திரும்ப அழைப்பது என்றால் என்ன? 'நாங்கள் விற்ற சரக்கில் குறை இருக்கலாம். கொண்டு வாருங்கள், செலவில்லாமல் சரி செய்து தருகிறோம்' என்று கம்பெனியே சொல்வது. சொல்கிற கம்பெனி மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குறையை மூடி மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல் அல்லவா?

நிறையக் கூடாது என்பது ஏன்?

இனிக் கார் விஷயத்துக்கு வருவோம். ஹூண்டாயின் 'கோனா' மின்சாரக் கார் 2019 ஜூலையில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. ஒரு முறை முழுக்கச் சார்ஜ் செய்தால் 452 கிலோமீட்டர் என்று சான்று பெற்ற வண்டி. இருங்காட்டுக்கோட்டையில்தான் பூட்டினார்கள். 2020 டிசம்பரில், பாட்டரியில் கோளாறு இருக்கலாம் என்று 456 கோனாக்களைச் சோதனைக்கு அழைத்தார்கள்.

தாய்நாடான தென்கொரியாவில் கதை இன்னும் நீளம். அங்கே 2020 அக்டோபரில் 25,000-க்கு மேற்பட்ட கார்களை அழைத்து, பாட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருளைப் புதுப்பித்து அனுப்பினார்கள். அப்பாடா என்று இருந்தபோது, 2021 ஜனவரியில், புதுப்பித்த கார் ஒன்றே தேகு நகரில் தீப்பிடித்துக்கொண்டது! மறு மாதம் கம்பெனி பெரிய முடிவுக்கு வந்தது: உலகம் முழுவதும் சுமார் 82,000 வண்டிகளின் பாட்டரியையே மாற்றுவது என்று. ஆனால் அத்தனை பாட்டரிகளை ஒரே நாளில் செய்துவிட முடியுமா? அதுவரைக்கும் ஒரு பத்தியம் சொன்னார்கள்: 'நூறு சதவிகிதம் நிரப்பாதீர்கள். தொண்ணூறோடு நிறுத்துங்கள்.'

ஏன் இந்தப் பத்தியம்? காரின் பாட்டரி ஒரே பெட்டி போலத் தோன்றினாலும், அதற்குள் இருப்பவை நூற்றுக்கணக்கான மின்கலங்கள். ஒவ்வொரு கலத்திலும் இரண்டு வகைத் தகடுகள். ஒன்றை ஒன்று தொடாதபடி நடுவே மெல்லிய தடுப்புத் தாள். தொழிற்சாலையில் ஒரு தகட்டின் நுனி மடிந்தோ கிழிந்தோ போனால், அல்லது தாள் மடிந்துவிட்டால், தொடக் கூடாதவை தொட்டுக்கொள்ளும். உள்ளேயே ஷார்ட் சர்க்யூட்! ஒரு கலம் கொதித்தால் பக்கத்துக் கலமும் கொதிக்கும். சார்ஜ் நிறைய நிறைய உள்ளே அடைபட்டிருக்கும் சக்தி கூடுகிறது. சூட்டைத் தாங்கும் பொறுமை குறைகிறது.

தாமல் ஏரிக்கரையில் நிற்கும் எந்த விவசாயியும் இதை நொடியில் புரிந்துகொள்வார். கரையில் கசிவு கண்டால் ஏரி நிறைகிறவரை யாராவது காத்திருப்பார்களா? மதகைத் திறந்து தண்ணீர் மட்டத்தைக் குறைப்பார்கள். அந்த அவகாசத்தில் கரையை அடைப்பார்கள். மட்டத்தைக் குறைத்தது வைத்தியம் அல்ல. வைத்தியம் நடக்கும் வரை உயிரைக் காக்கும் ஏற்பாடு. தொண்ணூறு சதவிகிதமும் அப்படித்தான். அதை மீறினால் ஆபத்து. அதுவே போதும் என்று கரையை அடைக்காமல் விட்டாலும் ஆபத்து.

இரண்டாவது ஆபத்துக்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 'போல்ட்' கார்களை 2020 நவம்பரில் அழைத்து, தொண்ணூறுக்கு மேல் ஏறாதபடி மென்பொருளாலேயே பூட்டுப் போட்டார்கள். அடுத்த வருஷம், 'சரியாகிவிட்டது' என்று அனுப்பிய கார்களும் தீப்பிடித்தன. 2021 ஆகஸ்டில் அந்த மாதிரிக் கார்கள் எல்லாமே, சுமார் 1,42,000, அழைப்புக்குள் வந்தன. வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், இரவில் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள் என்றும் சொன்னார்கள். 2023-ல், சில கார்களுக்குப் பாட்டரி மாற்றுவதற்குப் பதிலாக, சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும் வரை எண்பது சதவிகிதத்தில் நிறுத்திச் சோதிக்கும் மென்பொருள் வந்தது. காசு கொடுத்தது நூறுக்கு, கிடைப்பது எண்பது! பொறுமை தேவைதான், எத்தனை நாள் என்று கேட்கும் உரிமையும் தேவை அல்லவா?

கேட்க இடம் உண்டா?

உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று தனியே வைத்திருந்த உத்திரமேரூர் இதே சீமையில்தான் இருக்கிறது. இன்றைக்கு வண்டிகளுக்குச் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசாங்கமே கம்பெனிக்கு உத்தரவிடலாம். அப்படி உத்தரவிட்டால் கம்பெனி வண்டியைச் சரிசெய்து தர வேண்டும். இல்லாவிட்டால் வேறு வண்டியோ பணமோ தர வேண்டும். ஸ்கூட்டர் விபத்துகளுக்குப் பிறகு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளையும், 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள். குறை தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் யோசனையும் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வெளியே போகும் ஒரே வாசலை அடைத்துக்கொண்டு வண்டியைச் சார்ஜுக்குப் போடாதீர்கள். தீப்பிடித்தால் தப்பும் வழியே தீயாகிவிடும். கூடியவரை திறந்த இடமாகப் பாருங்கள். திரும்ப அழைப்பு வந்த வண்டி என்றால், சரியாகும் வரை இரவில் சார்ஜ் வேண்டவே வேண்டாம்.

வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். பெட்டிக் கடையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும் உதவாது. எர்த் உள்ள நல்ல பிளக் பாயிண்டை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள். வெயிலில் ஓடி வந்த பாட்டரி கொஞ்சம் ஆறட்டும்.

வீடு மாறினாலும், போன் நம்பர் மாறினாலும் டீலரிடம் சொல்லிவிடுங்கள். பழைய வண்டி வாங்கினவர்கள் உங்கள் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்ப அழைக்கும் கடிதம் முன்னாள் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்!

புகை கிளம்பினால், அணைத்துவிடலாம் என்று பக்கத்தில் போகாதீர்கள். அந்தப் புகை விஷம். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் முதலில் வெளியே வாருங்கள்; பிறகு 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள்.

'தொண்ணூறோடு நிறுத்துங்கள்' என்று சொன்னால் முகம் சுளிக்காமல் நிறுத்துங்கள். கோனா போன்ற காருக்கு அது குறைப்பது கணக்குப்படி நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் 'பாட்டரியை எப்போது மாற்றித் தருவீர்கள்?' என்று அன்றைக்கே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தொண்ணூறில் நிற்கலாம். கம்பெனியின் கடமை தொண்ணூறில் நிற்கக் கூடாது!