நுவரெலியாவில் விழுவது ஸ்னோவா?

ஜனவரி வந்தால், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் "அங்கே ஸ்னோ விழுதா?" என்று கேட்கிறார்கள். வானிலைச் செய்தியைப் பார்த்துப் பார்த்து, லீவு போட்டு நுவரெலியா வருகிறவர்களும் உண்டு.

அது ஸ்னோ இல்லை, உறைபனி என்றுதான் நாங்கள் சொல்கிறோம். ஸ்னோ மேகத்திலிருந்து விழும். உறைபனி விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை இழந்து 0 பாகைக்குக் கீழே போக, காற்றிலுள்ள ஈரம் புல்லிலும் கொழுந்திலும் படிந்து உறைகிறது. குளிர்காற்று கனமானது, இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் அங்கேதான் அதிகம்.

பார்க்க அழகுதான். ஆனால் கொழுந்து கருகினால் நமக்குப் பேரும் குறையும்.

ஒன்றைக் கவனியுங்க: காம்பறாவை அடைத்து, கரிச்சட்டியை உள்ளே வைத்துப் படுக்காதீங்க. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். படுக்குமுன் நெருப்பை வெளியே வையுங்க. பிள்ளைகளுக்கும் வயசானவங்களுக்கும் கம்பளி போர்த்துங்க.