பெயர் அட்டையை எழுதுவது யார்?



நினைவு நாள் கூட்டத்தில் நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். நினைவைக் காப்பதற்கென்றே மக்கள் பணத்தில் நடக்கும் இடங்கள் அவை. அங்கே யாருடைய நினைவு இருக்கிறது, எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. குடிசை வீட்டுக்காரரும் அந்த வரியைக் கட்டுகிறார். ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம்.

முக்கூடலில் நின்று பேசுவதால் முக்கூடற்பள்ளிலிருந்து தொடங்குகிறேன். அந்த நூல் சொல்லும் முக்கூடல், சிற்றாறு தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரிப் பக்கம் என்பார்கள். நம் ஊருக்கும் அதே பெயர். நூலின் நாயகன் அழகக் குடும்பன். அவனுக்கு இரண்டு மனைவியர்: மூத்தவள் முக்கூடற்பள்ளி, இளையவள் மருதூர்ப்பள்ளி. ஆற்று வெள்ளம், மீன் வகை, மாட்டு வகை, நெல் வகை என்று உழவைப் பற்றிய செய்திகள் அதில் குவிந்து கிடக்கின்றன. பாடப்புத்தகத்துக்கு எடுப்பதும் மேடையில் சொல்வதும் பெரும்பாலும் இந்தப் பகுதிகளைத்தான்.

அதே நூலில் பண்ணைக்காரன் குடும்பனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கிறான். மனைவி கெஞ்சி அவனை விடுவிக்க வேண்டியிருக்கிறது. பண்ணைக்காரனும் நூலில் கேலிக்கு ஆளாகிறான் என்பது உண்மை. ஆனாலும் தொழுமரத்தில் கால் மாட்டிக்கொள்வது குடும்பனுக்குத்தான். வயலின் அறிவு முழுவதும் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கே விலங்கு. நெல்லின் பெயரைப் படிக்கிற பிள்ளைக்குத் தொழுமரத்தைச் சொல்லாமல் விட்டால், அந்தப் பிள்ளை பாதி நூலைத்தான் படித்திருக்கிறது.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நூலகத்தில் நாம் இல்லாமல் இருப்பது ஓர் அநீதி. இருந்தும், பிறர் வெட்டி எடுத்த அளவில், பிறர் வைத்த பெயரில் இருப்பது இன்னோர் அநீதி. முதலாவது எல்லோர் கண்ணுக்கும் படும். இரண்டாவதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அருங்காட்சியகத்துக்கு வருவோம். இந்த ஆற்றின் கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரை 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். கிடைத்த பொருள்கள் ஜெர்மனிக்குப் போயின. பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. தாழிகளோடு மண்டை ஓடுகளும் போயின. 1930இல் சக்கர்மேன் என்ற ஆய்வாளர் அந்த ஓடுகளை அளந்து எழுதியதை அருங்காட்சியகமே வெளியிட்டது. இறந்தவர் எந்த இனம் என்பதே அந்தக் காலத்து ஆய்வின் பெரிய கேள்வி.

உயிரோடு இருந்தவர்களும் தப்பவில்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அளவுகோலோடு ஊர் ஊராகப் போய், மக்களின் தலையையும் மூக்கையும் சாதிவாரியாக அளந்தார். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய நூல் வந்தது. இன்றும் நூலகங்களில் 'ஆதார நூல்' என்று எடுத்துக் கொடுப்பார்கள். அளக்கப்பட்டவர் சொன்ன மறுமொழியையும் சேர்த்துக் கொடுக்கிறார்களா? அந்த மறுமொழி இருக்கிறது. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலில் அண்ணல் அம்பேத்கர் மூக்களவுக் கணக்குகளையே கையில் எடுத்து, தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணம் என்ற வாதத்தை உடைத்தார். தர்ஸ்டன் இருக்கும் அலமாரியில் அந்த நூலும் இருந்தால்தான் வாசகருக்கு முழு வழக்கும் கிடைக்கும்.

சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டதை 2021இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொருநை நாகரிகம் என்று நாடே பெருமைப்பட்டது. நாமும் பெருமைப்படலாம். ஆனால் நெல்லுக்குக் காலம் எழுதுகிற அட்டையில் நாற்று நட்ட கைக்கும் ஒரு வரி வேண்டும். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆளின் சாதியை யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நேற்றுவரை இந்தப் பள்ளத்தாக்கில் நட்டவர் யார், நிலம் யாரிடம் இருந்தது, கூலி எப்படி அளக்கப்பட்டது என்பதைச் சொல்லலாம். 'ஏர், மரத்தால் ஆனது' என்று மட்டும் எழுதி வைத்தால், ஏர் தானாக உழுதது போல ஆகிவிடும்.

பெயரும் இதில் சேரும். 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் பட்டியலில் சேர்த்தது. பழைய நூலின் தலைப்பை நாம் மாற்ற முடியாது. அதற்கு இன்று நாம் எழுதும் விளக்கத்தில், ஒரு மக்கள் தங்களை எப்படி அழைக்கச் சொல்கிறார்களோ அந்தப் பெயர் இருக்க வேண்டும்.

இனி நூலகம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பின்னர் 'தமிழன்', 1914இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் வந்தது. அந்த எழுத்து நம் கைக்கு வந்ததற்கு, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிக் காத்து வைத்ததுதான் காரணம். அவற்றை ஞான அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைப் படித்தால் எத்தனை இதழ்கள் பெயரளவில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்பது புரியும். வீட்டுப் பெட்டியில் இருந்தது பிழைத்தது, மற்றது செல்லரித்துப் போனது.

அதே 1999இல், ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். பொருநையின் வரலாறு என்றால் தாழியும் வேலும் மட்டுமல்ல, அந்த நாளும்தான். ஆற்றுக்கென்று அமைக்கும் எந்தக் காட்சிக்கூடத்திலும் அதற்கு ஒரு சுவர் கேட்பது நியாயமான கோரிக்கை.

நூல் உள்ளே வந்த பிறகு அடுத்த கேள்வி எழுகிறது: எந்த அலமாரி? அமெரிக்காவில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930இல் நூலகப் பொறுப்பேற்ற டாரத்தி போர்ட்டர் என்ற கறுப்பினப் பெண்மணி ஒன்றைக் கண்டார். டூயி பகுப்பு முறையில், கறுப்பர் எழுதிய நூல் கவிதையாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, குடியேற்றத்துக்குரிய 325இலோ அடிமைமுறைக்குரிய 326இலோதான் வைக்கப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். நமக்கும் இது பாடம். பூமணியின் 'பிறகு' நாவல் வரிசையில் இருக்க வேண்டும், பாமாவின் 'கருக்கு' தன்வரலாற்று வரிசையில் இருக்க வேண்டும். மூலையில் 'தலித் நூல்கள்' என்று ஒரே தட்டில் ஒதுக்கினால் அது இன்னொரு தனிக்குவளை. அதே சமயம், தலித் இலக்கியம் எது என்று தேடி வருகிற மாணவருக்குப் பட்டியலில் அந்தச் சொல் கிடைக்க வேண்டும். அலமாரியில் கலந்திருக்கட்டும், பட்டியலில் தேடினால் கிடைக்கட்டும்.

மாணவர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய் அயோத்திதாசர் தொகுதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய துண்டறிக்கை, சங்க ரசீது, படங்களை எடைக்குப் போடாமல், தேதியும் ஊரும் குறித்து வையுங்கள். பீடி சுற்றிய அம்மாவிடமும், மாஞ்சோலையில் தேயிலை கிள்ளிய ஆச்சியிடமும் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் சம்மதித்ததை மட்டும் வெளியிடுங்கள். அருங்காட்சியகத்தில் தவறான அட்டையைக் கண்டால், திருத்திய வாசகத்தை நீங்களே எழுதிக் காப்பாட்சியரிடம் கொடுங்கள்.

பீடித்தட்டும் கத்தரியும் ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அன்று பக்கத்தில் வைக்கும் அட்டையை அந்தத் தட்டை மடியில் வைத்திருந்தவரின் மகளே எழுதட்டும். அதற்கான தயாரிப்பை இன்றே தொடங்குவோம்.