மெய்நிகர் பொறிகளும் செயலியின் நிலைகாப்பும்

ஒரு கணினி பல கணினிகளாய்த் தோன்றுதல் புதிய வித்தையன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் ஆக்கிய சீ.பி.-40 என்னும் முறைமை 1967 இல் இயங்கத் தொடங்கியபோதே, ஒரே பொறியை நாடியவர் பலரும் தத்தமக்கெனத் தனிப்பொறி ஒன்று வாய்த்ததாகக் கொண்டு பணிபுரிந்தனர். அவ்வாறு தோன்றும் பொறி மெய்நிகர் பொறி எனப்படும். அதற்கு இடமளிக்கும் மெய்க்கணினியைப் புரவலன் என்றும், இடம்பெறும் பொறியை விருந்தினன் என்றும் கூறுதல் பொருந்தும். இவ்விருவர்க்கும் நடுவே நின்று முறைசெய்வது மேற்பார்வை நிரல்.

நினைவகத்தைப் பகுதி பகுதியாக வகுத்து விருந்தினர் பலர்க்கும் ஒருங்கே அளித்தல் கூடும். செயலியை அங்ஙனம் வகுத்தல் கூடாது. அதனுள் அமைந்த பதிவகங்கள் சிலவே. அவை ஒரு கணத்தில் ஒருவர்க்கே உரியன. ஆதலின் செயலி இடத்தாற் பங்கிடப்படாது காலத்தாற் பங்கிடப்படுகின்றது. ஒரு விருந்தினனை நிறுத்தும்போது, அடுத்து நிறைவேற்ற வேண்டிய அறிவுறுத்தலின் முகவரி, கணக்கின் இடைநிலை விடைகள், கொடிகள், நினைவக அட்டவணையின் இருப்பிடம் ஆகிய யாவும் எழுதிவைக்கப்படல் வேண்டும். மீண்டும் அவனை ஓடவிடும்போது அவை இருந்தவாறே திரும்ப வேண்டும். ஒரு பிற்று மாறினும் அவன் கணக்குப் பிழைபடும். தான் நிறுத்தப்பட்டதை அவன் அறியவுங் கூடாது.

இன்ரெல் மரபுச் செயலிகள் இதற்கென நெடுங்காலம் அமைக்கப்படவில்லை. கொடிகளை மீட்கும் அறிவுறுத்தல் ஒன்று, இடையீடுகளைத் தடுக்கும் உரிமையில்லாத நிரலிடத்து முறையிடாது, அக்கொடியை மட்டும் மாற்றாமல் வாளா விடுத்து மேற்செல்லும். முறையீடு எழாதவிடத்து மேற்பார்வை நிரல் தலையிடுவது எங்ஙனம்? 2005 இல் இன்ரெல்லும் 2006 இல் ஏ.எம்.டி.யும் வன்பொருளிலேயே துணைசெய்யத் தொடங்கிய பின்னரே இவ்விடர் நேர்வழியில் நீங்கியது. நினைவகத்திலுள்ள கட்டுப்பாட்டு ஏடு ஒன்றில் விருந்தினன் நிலையைச் செயலியே எழுதிப் புரவலன் நிலையை ஏற்றிக்கொள்ளும். எனினும் அது யாவற்றையும் எழுதுவதில்லை. இன்ரெல் செயலியில் அடுக்குச்சுட்டி ஒழிந்த பொதுப் பதிவகங்களைச் சேமிப்பது மேற்பார்வை நிரலின் கடன். இது குறைபாடன்று. மாற்றங்கள் ஒரு செக்கனில் ஆயிரக்கணக்காக நிகழக்கூடும். வேண்டாதவற்றைத் தொடாது விடுதல் காலத்தை மீதப்படுத்தும்.

இச்சிக்கனமே பின்னர் ஓர் இடருக்கு வித்தாயிற்று. பொதுப் பதிவகங்கள் பதினாறும் சேர்ந்து 128 பைற்றுகளே. மிதவைப் புள்ளிக் கணக்கிற்கும் நிரை நிரையான எண்களைக் கையாளற்கும் உரிய அகன்ற பதிவகங்களோ பெரியன. 512 பிற்று அகலமுடைய முப்பத்திரண்டு பதிவகங்கள் 2048 பைற்றுகளாகும். இவற்றை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எழுதி ஏற்றுவானேன் என்று முன்னோர் கருதினர்.

ஒரே கரும்பலகையை அடுத்தடுத்துப் பயன்படுத்தும் இரு ஆசிரியரை எண்ணுக. முன்னவர் கணக்கைப் பலகையிலேயே விட்டுச் செல்கின்றார். பின்னவர் சுண்ணக்கட்டியை எடுக்கும்போது மட்டும் காவலன் வந்து, முன்னவர் கணக்கைப் படியெடுத்துப் பலகையைத் துடைக்கின்றான். அவர் எடாவிடின் வேலை மிச்சம். செயலியிலும் காவற்பிற்று ஒன்று இருந்தது. அது இடப்பட்டிருக்கையில் அகன்ற பதிவகங்களைத் தொடும் அறிவுறுத்தல் உடனே தடையை எழுப்பும்; மேற்பார்வை நிரல் வந்து பழையதைச் சேமித்துப் புதியதை ஏற்றும். இதனைச் சோம்பல் மீட்பு என்பர்.

2018 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யூலியன் ஸ்ரெக்லினா, தோமஸ் பிறெஷர் என்பார் இம்முறையின் ஓட்டையை வெளியிட்டனர். இன்ரெல் செயலிகள் விரைவு கருதி, தடை உறுதிப்படுமுன்னரே அடுத்த அறிவுறுத்தல்களை ஊகமாக நிறைவேற்றுவன. ஊகம் பிழையெனின் விடை தள்ளப்படும். ஆயினும் அதன் சுவடு பதுக்கு நினைவகத்தில் எஞ்சும். எவ்விடம் விரைந்து கிடைக்கின்றதென அளந்து, முன்னவன் பதிவகத்திலிருந்த பெறுமானத்தைப் பின்னவன் உய்த்தறியலாம். காவலன் வருமுன்னே பலகை படிக்கப்பட்டுவிட்டது என்க. தரவை மறைகுறியாக்கும் ஏ.ஈ.எஸ். அறிவுறுத்தல்கள் தம் இரகசியத் திறவுகோல்களை வைப்பதும் இவ்வகன்ற பதிவகங்களிலேயே. ஒரே செயலியில் மாறிமாறி ஓடும் அயல் விருந்தினர் இருவருள் ஒருவன் மற்றவன் திறவுகோலைக் கவர இது போதும்.

மருந்து எளிது: ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தயக்கமின்றி யாவற்றையும் சேமித்து மீட்டல். லினக்ஸ் முறைமையார் 2016 இலேயே அவ்வழிக்கு மாறியிருந்தனர் என்பது வியப்பிற்குரியது. அவர் அஞ்சியது திருட்டையன்று. ஏறக்குறைய எல்லா நிரல்களும் அகன்ற பதிவகங்களைத் தொடத் தொடங்கிவிட்டமையால், அடிக்கடி எழும் தடையே சேமிப்பினும் செலவு மிக்கதாயிற்று. ஆகச் சோம்பல் முறை தன் பயனை இழந்த பின்னரே அதன் தீங்கு வெளிப்பட்டது. பழைய பதிப்புகளில் இயங்கியோர்க்கே அவசரத் திருத்தம் வேண்டியிருந்தது.

ஈண்டு ஐயுறப்பட்டவன் அயல் விருந்தினன். புரவலனையே ஐயுறின் யாது செய்வது? பிறர் கணினியை வாடகைக்குக் கொள்வோர்க்கு இவ்வினா மெய்யானது. ஏனெனில், சேமித்த நிலையை மேற்பார்வை நிரல் வேண்டியவாறு படிக்கவும் திருத்தவுங் கூடும். ஏ.எம்.டி. நிறுவனம் 2017 இல் விவரித்த முறையில், விருந்தினன் நிறுத்தப்படும் கணத்திலேயே அவன் பதிவகங்கள் யாவும் மறைகுறியாக்கப்பட்டு நினைவகத்தில் வைக்கப்படும். அதன் திறவுகோல் மேற்பார்வை நிரலின் கைக்கு எட்டாது. பணியொன்றிற்குப் புரவலன் உதவி வேண்டுமாயின், அதற்குரிய பெறுமானங்களை மட்டும் விருந்தினனே தெரிந்தெடுத்துப் பொதுவான ஒரு பக்கத்தில் எழுதி நீட்டுகின்றான்.