யூனிக்ஸ் முதல் லினக்ஸ் வரை

கணினி தானாக எதையும் செய்யாது. தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுதல், நினைவகத்தில் இடம் ஒதுக்குதல், ஒரே நேரத்தில் ஓடும் பல செயலிகளுக்கு முறை வைத்து நேரம் பங்கிடுதல் ஆகியவற்றைச் செய்விக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும்.

தொடக்கக் காலக் கணினிகளுக்கு இத்தகைய மென்பொருள் இல்லை. 1950களில் நிரல் எழுதியவர் அதனைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து, கணினி அறையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஒருவர் வேலை முடிந்த பின்னரே அடுத்தவர் வேலை தொடங்கும். இக்குறையைப் போக்கப் பலரும் ஒருசேரப் பயன்படுத்தத்தக்க 'மல்டிக்ஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்க அமெரிக்காவில் மூன்று நிறுவனங்கள் கூடி முயன்றன. பணி நீண்டுகொண்டே சென்றது. 1969இல் அவற்றுள் ஒன்றான பெல் ஆய்வகம் விலகிக்கொண்டது.

அவ்வாய்வகத்தின் கென் தாம்சனுக்கு அம்முயற்சியைக் கைவிட மனமில்லை. அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி-7 என்னும் சிறிய கணினி அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டுக் கோடையில் மனைவி குழந்தையுடன் வெளியூர் சென்றிருந்த ஏறத்தாழ ஒரு மாதத்தில், வாரத்திற்கு ஒரு பகுதியாகச் சிறிய இயங்குதளம் ஒன்றை அவர் எழுதி முடித்தார். 'மல்டி' பன்மையைக் குறிக்கும். 'யூனி' ஒருமையைக் குறிக்கும். எனவே அதற்கு வேடிக்கையாக யூனிக்ஸ் என்று பெயரிட்டனர். பின்னர் டென்னிஸ் ரிட்சி 'சி' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸ் அம்மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதனால் பிறவகைக் கணினிகளிலும் அது எளிதில் குடியேறியது.

ஆய்வகத்தை நடத்திய தொலைபேசி நிறுவனம் 1956ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணையினால் கணினி வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. எனவே பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸ் குறைந்த கட்டணத்தில், மூல நிரலுடன் வழங்கப்பட்டது. போட்டு முடித்த கோலத்தைப் பார்ப்பது வேறு. அதன் புள்ளிக் கணக்கை அறிவது வேறு. மூல நிரல் அப்புள்ளிக் கணக்கைப் போன்றது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், யூனிக்ஸின் மையப் பகுதியான ஏறத்தாழ 9000 வரிகளைத் தொகுத்து, 1977இல் தம் மாணவர்களுக்காக அவற்றுக்கு உரை எழுதினார். பண்டை இலக்கியங்களுக்கு உரையாசிரியர்கள் செய்த பணியே அது, நூல்தான் வேறு. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் கற்பிக்கத் தடை விதித்தது. உழைத்து உருவாக்கிய பொருளைக் காக்க நினைப்பது நிறுவனத்தின் இயல்பு. எனினும் மூடிய பெட்டியைக் காட்டிப் பாடம் நடத்துவது எங்ஙனம்? லயன்ஸின் உரையை மாணவர்கள் படியெடுத்தனர். அப்படியிலிருந்து மீண்டும் படியெடுத்தனர். எழுத்து மங்கிய தாள்கள் நாடு விட்டு நாடு சென்றன.

ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் வேறு வழி கண்டார். யூனிக்ஸின் ஒரு வரியையும் எடுத்தாளாமல், கற்பிப்பதற்கென்றே 'மினிக்ஸ்' என்னும் இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987இல் பாடநூலுடன் வெளியிட்டார். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நூலைப் பயின்றவர். 1991இல், தம் 21ஆம் வயதில், அவர் லினக்ஸை எழுதி இணையத்தில் வெளியிட்டார். மறு ஆண்டில், யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் பொது உரிமத்தை அதற்கு அளித்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த அவ்வுரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: திருத்தியதைப் பிறருக்கு வழங்குபவர் அதன் மூல நிரலையும் தருதல் வேண்டும்.

இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்குவது லினக்ஸின் மையப் பகுதியே. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. அதில் தமிழிலும் பணியாற்றலாம்.

லயன்ஸின் உரை 1996இல் உரிய இசைவுடன் நூலாக அச்சேறியது. அதற்குள் அதன் மங்கிய படிகளைக் கொண்டே ஒரு தலைமுறை மாணவர் பாடம் கற்று முடித்திருந்தனர்.